பல்லைக் காட்டும் கிராமங்கள்

செஞ்சிக் கோட்டையின் பெருமையை எழுத நம்மில் பலர் உண்டு. 2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபின் கேட்கவே வேண்டாம்! பொறியாளனான நான் எழுத வந்ததோ பல் மருத்துவ மாணவர்களின் கதை. 'உனக்கெதுக்கப்பா இது?' என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

நம் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது தொடங்கினார். சென்னையில் 1953-லும், சிதம்பரத்தில் 1980-லும் கல்லூரிகள் வந்தன. கல்லூரிகள் நகரத்தில், பல்வலியோ பட்டிதொட்டியெங்கும்! நம்ம பக்கத்து ஜனங்க கிராம்பைக் கடிச்சுக்கிட்டே நாளைத் தள்ளுவாங்க. தாங்க முடியாம பஸ் ஏறும்போது, பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது.

மாணவர்களை மக்களிடம் அழைத்துப் போகும் வழியை நம் அண்டை ஊரான வேலூர் அன்றே காட்டியது. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் குடியாத்தம் சாலையோரம் மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபின் மாணவிகளும் உடன் சென்றனர். ஒருநாள் வந்து போகிற முகாமல்ல அது. திரும்பத் திரும்ப அதே சாலைக்கு வந்த வைத்தியம். மக்கள் நம்பிக் காத்திருந்த ரகசியம் அதுதான்.

பல் மருத்துவத்திலும் இது விதியாயிற்று. இந்தியப் பல் மருத்துவக் குழுவின் 2007 விதிகள், பயிற்சி மருத்துவர்களுக்குச் சமூகப் பல் மருத்துவத்திலும் கிராமப் பணியிலும் 3 மாதம் ஒதுக்கின. கல்லூரியில் நாற்காலியில் ஒரு வாய்தான் தெரியும். கிராமத்துப் பள்ளியில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் பற்களில் ஒரே மாதிரிப் பழுப்புக் கறை இருந்தால், 'இந்த ஊர்த் தண்ணி எங்கிருந்து வருது?' என்று கேட்கத் தோன்றும். கறைக்குக் காரணம் குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடாக இருக்கலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தொல்லை இதுதான். அதற்குத் தீர்வாக 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். நோய் தெரிந்தது பல்லில். மருந்து வந்ததோ குழாயில்! பொறியாளன் ஏன் இதை எழுதுகிறான் என்று இப்போது புரிந்திருக்குமே?

நண்பர்களே, நம் சங்கம் பல் முகாம் நடத்துவதாயின், ஒருநாள் கூத்தாக வேண்டாம். ஒரே கிராமம், மாதம் ஒருமுறை, குறித்த நாள். பல் மருத்துவ மாணவர்கள் வாயைப் பார்க்கட்டும். நம் மாணவர்கள் கிணற்றையும் குழாயையும் சோதிக்கட்டும். வண்டிச் செலவை நாம் பார்த்துக்கொள்வோம். என்ன சொல்றீங்க?