பிரித்து வைத்த ரத்தம்: ஸ்டெம் செல் தானத்தின் வரலாறும் நாமும்

போன மாதம் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ரத்த ஸ்டெம் செல் தானம் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "அக்கா, எங்க ஊர்ல கிட்னியையும் தானம்னு சொல்லித்தான் எடுத்தாங்க. இதுக்கு எவ்வளவு தருவாங்க?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய ஊர் பள்ளிபாளையம்.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைப் பயன்படுத்தி அவர்களுடைய சிறுநீரகங்களைத் தரகர்கள் விலைபேசிய செய்தி வெளிவந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. உறுப்பு விற்பனையைத் தடை செய்த சட்டம் 1994ஆம் ஆண்டே வந்துவிட்டது. சட்டம் வந்து முப்பது ஆண்டுகளான பிறகும் தறிக்கூடத்தில் முன்பணம் வாங்கியவரின் உடம்பு அடகுப் பொருளாகவே இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பெண் வேறு எந்தக் கேள்வியைக் கேட்பார்? அன்று நான் சொன்ன பதில் போதவில்லை. அதை இங்கே முழுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பாட்டிலில் இரட்டைக் குவளை

1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனித ரத்தத்தில் வகைகள் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். ஏ, பி, ஓ என்ற அந்த வகைகள் ஊரிலும் உண்டு, சேரியிலும் உண்டு. ரத்தத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை. ஆனாலும் வேலி போட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்காக 1941இல் ரத்தம் சேகரிக்கத் தொடங்கிய அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பின மக்களின் ரத்தத்தை முதலில் வாங்கவே மறுத்தது. எதிர்ப்பு வந்ததால் 1942 ஜனவரியில் வாங்க ஒப்புக்கொண்டது, ஆனால் தனியாக அடையாளமிட்டுத் தனியாக வைத்தது. ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேமித்து அனுப்பும் முறையை வளர்த்த முன்னோடிகளில் ஒருவரான சார்லஸ் ட்ரூ கறுப்பின மருத்துவர். இந்தப் பாகுபாட்டுக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை என்று அவரே சொன்னார். 1950 வரை அது நீடித்தது. நம்மூர் டீக்கடையின் இரட்டைக் குவளைதான் அங்கே பாட்டிலாக இருந்தது.

மஜ்ஜை கேட்ட பொருத்தம்

ரத்தம் உற்பத்தியாகும் இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அங்கிருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்துதான் எல்லா ரத்த அணுக்களும் உண்டாகின்றன. ரத்தப் புற்றுநோய், தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களில் பலருக்கு அந்த உற்பத்தியையே மாற்றியாக வேண்டும். 1957இல் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ், பிறருடைய மஜ்ஜையை நோயாளிகளுக்குச் செலுத்திய முதல் முயற்சிகளை வெளியிட்டார். பெரும்பாலும் தோல்விகள். 1958இல் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் நடந்த விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். முன்பின் தெரியாத அந்த அயல்நாட்டவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மஜ்ஜையைக் கொடுத்தார்கள்.

தோல்விகளுக்குக் காரணம் அதே 1958இல் பிடிபடத் தொடங்கியது. நம் உடம்பு தன் செல் எது, அந்நியச் செல் எது என்று அடையாளம் காண்பதற்கான குறியீடுகளில் முதலாவதை ழான் தோசே கண்டறிந்தார். இன்று அவற்றை எச்.எல்.ஏ. என்கிறோம். 1980இல் அவருக்கும் 1990இல் தாமஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் குறியீடுகளில் பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருகின்றன. ஒரே பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான் உண்டு. குடும்பத்தில் பொருந்தாதவர்கள் அந்நியர்களைத்தான் தேட வேண்டும். தன் மகன் ஆண்டனிக்காக அப்படித் தேடிய ஷெர்லி நோலன் என்ற தாய் 1974இல் லண்டனில் கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். 1979இல், பொருத்தம் கிடைக்காமலே அந்தச் சிறுவன் இறந்துபோனான். பதிவேடு பிழைத்தது.

இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. 2009இல் சென்னையில் 'தாத்ரி' என்ற கொடையாளர் பதிவேடு உருவானது. இன்று உலகப் பதிவேடுகளில் 4 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இந்தியர்கள் அதில் சில லட்சம் பேர்தான்.

வேலியின் தழும்பு

2014இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வின்படி, அந்நாட்டுப் பதிவேட்டில் ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு முழுமையாகப் பொருந்தும் கொடையாளர் இருக்க 75 சதவீத வாய்ப்பு உண்டு. கறுப்பின அமெரிக்கருக்கு 19 சதவீதம்தான். பதிவேட்டில் அவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். எச்.எல்.ஏ. பொருத்தம் ஒரே மூதாதையர் வழியில் வந்தவர்களிடையே கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதும், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதன் வகைகள் மிக அதிகம் என்பதும் மற்ற காரணங்கள்.

இங்கே யார் யாரோடு மணம் செய்தார்கள் என்பதைத் தீர்மானித்தது எது? 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இருபத்தைந்து வயதில், அண்ணல் அம்பேத்கர் வாசித்த கட்டுரை அதற்குப் பதில் சொன்னது. சாதியின் சாரம் அகமணம் என்றார். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். மரபணு அறிவியல் மிகத் தாமதமாக அவர் பக்கம் வந்து சேர்ந்தது. 2013இல் ஐதராபாத், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவின் மக்கள் குழுக்கள் பரவலாகக் கலந்தன, பிறகு அந்தக் கலப்பு அருகிப்போனது என்றது. 2017இல் வந்த இன்னோர் ஆய்வு, இந்தியாவின் பல குழுக்களில் நெடுங்கால அகமணம் மரபு நோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டியிருப்பதைக் காட்டியது.

தோழர்களே, இங்கே ஒரு பொறி இருக்கிறது. "பார்த்தீர்களா, சாதி ரத்தத்திலேயே இருக்கிறது" என்று யாராவது இதைத் திருப்பிச் சொல்வார்கள். அது பொய். எந்தச் சாதிக்கும் தனி எச்.எல்.ஏ. கிடையாது. சில வகைகள் ஒரு குழுவில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கும், அவ்வளவுதான். காலமெல்லாம் கயிறு கட்டிய காலில் தழும்பு இருக்கும். தழும்பைக் காட்டிக் கயிற்றை நியாயப்படுத்த முடியுமா?

அந்தக் கயிறு இன்றும் கொல்கிறது. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், வேறு சாதித் தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நிற்கும் கோயில் அது. பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ரத்தம் கலந்துவிடக் கூடாது என்பதற்காக ரத்தம் சிந்தவைத்தார்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சையில் என்ன நடக்கிறது தெரியுமா? எச்.எல்.ஏ. பொருந்தினால் போதும், ரத்த வகை வேறாக இருந்தாலும் மாற்றலாம். சிகிச்சை வெற்றி பெற்றால் நோயாளியின் ரத்த வகையே கொடையாளரின் வகையாக மாறிவிடும். அந்த ரத்தத்தில் இருக்கும் டி.என்.ஏ.வும் கொடையாளருடையதுதான். ஊர்த்தெருக் குழந்தையின் உடம்பில் ஆயுள் முழுக்க ஓடும் ரத்தம் காலனிப் பையன் கொடுத்ததாக இருக்கலாம். பதிவேட்டில் சாதிக்குக் கட்டம் கிடையாது. குறைந்தது ஓராண்டுக்கு யார் யாருக்குக் கொடுத்தார் என்பதையும் சொல்ல மாட்டார்கள். அந்த ஓராண்டும் எந்த ரத்தம் தூய்மையானது என்று யாரிடம் போய்க் கேட்பார்கள்?

நாம் செய்ய வேண்டியது

நம் பக்கமும் பார்ப்போம். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நாமும் அகமணத்துக்குள்தான் இருக்கிறோம். நான் பார்த்த முகாம்களோ நகரத்துக் கல்லூரிகளிலும் ஐடி நிறுவனங்களிலும் நடந்தவை. ராசிபுரத்தின் அருந்ததியர் தெருவுக்கு அப்படி ஒரு முகாம் வந்து நான் பார்த்ததில்லை. நாம் பதிவேட்டில் இல்லையென்றால் நம் குழந்தைக்கான தேடல் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பே அதிகம். பாதிப் பொருத்தம் உள்ள பெற்றோரிடமிருந்து எடுத்துச் செய்யும் சிகிச்சையும் இப்போது வளர்ந்திருக்கிறது. அதனால் அந்நியக் கொடையாளரின் தேவை தீர்ந்துவிடவில்லை.

செலவையும் மறைக்கக் கூடாது. கொடுப்பவருக்குச் செலவில்லை. ஆனால் அந்நியக் கொடையாளரின் செல்களைப் பெறவே நோயாளியின் குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் ஆகும். நம் பிள்ளைகள் கொடுப்பதற்கு மட்டும், பெறுவதற்கு இல்லை என்றால் அதுவும் பழைய கதைதான். அரசே பதிவேடு நடத்த வேண்டும், தேடல் முதல் சிகிச்சை வரை மொத்தச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையும் நம் மேடைகளில் ஒலிக்க வேண்டும்.

இப்போது அந்த மாணவிக்கு. தங்கச்சி, ஒரு பைசா தர மாட்டார்கள். தருகிறேன் என்று யாராவது வந்தால் அவர் தரகர், விரட்டு. பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பதோடு சரி. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். பொருத்தம் வந்து நீ சம்மதித்தால் ஐந்து நாள் ஊசி. உடம்புவலி, தலைவலி வரலாம், போய்விடும். பிறகு சில மணி நேரம் கையிலிருந்து ரத்தம் எடுத்து, ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பி விடுவார்கள். பெரும்பாலும் இந்த முறைதான். சிலருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். சிறுநீரகம் போனால் திரும்ப முளைக்காது, இது சில வாரங்களில் ஊறிவிடும்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள். செல் வருவதற்கு முன் நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவார்கள். அதன்பிறகு நீ மறுத்தால் அவர் பிழைப்பது கடினம். அதனால் மறுப்பதாக இருந்தால் முன்பே மறுத்துவிடு. அதில் குற்றமில்லை, உன் உடம்பு உன்னுடையது.

அன்று அவர் பதிவு செய்யவில்லை. "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் அக்கா" என்றார். கடனுக்காக உடம்பைக் கேட்ட ஊரில், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல முடிவதே பெரிய உரிமை. இதை அவருக்கும் அனுப்பிவைக்கிறேன்.

ஜெய் பீம்.