தெள்ளுப்பூச்சியில் ஏறிப் போன காலம்

போன விடுமுறைக்கு முதல் கிழமை எங்கட அறையில் ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது. ஸ்கைரிமை நூறு மணித்தியாலத்துக்கு மேல விளையாடி முடித்த நண்பனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் குடுத்து, "மச்சான், அந்த நாட்டைக் கீறு பாப்பம்" எண்டம். வைட்ரனை நடுவில் சரியாக வைத்தான். அதோட சரி. தென்கிழக்கு மூலையில் இருக்கிற ரிஃப்டன் வடக்கே போய்விட்டது. சொலிட்யூட் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்கடா அது? மெப்பைத் திறந்து கிளிக் பண்ணினா அங்க நிப்பன்" என்றான்.

அதே தாளின் மறுபக்கத்தில் இன்னொரு தோழி மொரோவிண்டின் பால்மோரா நகரைக் கீறினாள். அவள் அந்த விளையாட்டில் அரைவாசியைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் ஊருக்கு நடுவால் ஓடுகிற ஒடாய் ஆறு, ஆற்றைக் கடக்கிற பாலம், வெளியில் இருக்கிற கோட்டை, கைகாட்டி மரம் எல்லாம் தாளில் வந்தன. இரண்டுமே ஒரே நிறுவனத்தின், ஒரே தொடரின் விளையாட்டுகள். இடையில் ஒன்பது வருடம்தான். இந்த ஒன்பது வருடத்துக்குள் என்ன நடந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

விளையாடாத ஆக்களுக்காக ஒரு வரி. திறந்த உலக விளையாட்டுகளில் ஒரு பெரிய நிலப்பரப்பு இருக்கும், நினைத்த பக்கம் போகலாம். ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடக்காமல், வரைபடத்தில் தொட்டவுடன் போய் இறங்குவதுதான் ஃபாஸ்ட் ட்ரவல். "முந்தி எல்லாரும் நடந்தினம், இப்பத்தைய பெடியளுக்குப் பொறுமை இல்லை" என்றுதான் யூடியூப் முழுக்கக் கதை. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வரலாற்றைப் பார்த்தால் அது பிழை.

குறுக்குவழி தொடக்கத்திலேயே இருந்தது. 1985 இல் வந்த அல்டிமா 4 இல் நிலாக் கதவுகள் இருந்தன. அந்த உலகத்துக்கு இரண்டு நிலா. ஒரு நிலாவின் பிறையைப் பொறுத்துக் கதவு எங்கே தோன்றும் என்பதும், மற்ற நிலாவைப் பொறுத்து அது உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் மாறும். அவசரம் என்றால் வானத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1986 இல் வந்த முதலாவது ஸெல்டாவில் ஒரு குழல் கிடைக்கும். ஊதினால் சுழல்காற்று வந்து, நீங்கள் ஏற்கெனவே வென்ற நிலவறை ஒன்றின் வாசலில் இறக்கிவிடும். அதே வருடம் ஜப்பானில் வந்த ட்ராகன் குவெஸ்டில் ஒரு சிறகை எறிந்தால் அரண்மனைக்குத் திரும்பலாம். போவதற்கு அது உதவாது, வீட்டுக்குத் திரும்ப மட்டும்தான். இருட்டினால் வீட்டுக்கு வா என்று அம்மா சொல்கிற மாதிரி.

பெதெஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடர் தொடங்கியது 1994 இல், அரீனாவோடு. அதில் ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு நடந்து போகவே ஏலாது. நகரத்துக்கு வெளியே காடு இருக்கிறது, ஆனால் எவ்வளவு நடந்தாலும் அது அடுத்த ஊரில் முடியாது. 1996 இல் வந்த டாகர்ஃபோல் பிரித்தானியா அளவுக்குப் பெரிது என்று சொல்லி விற்கப்பட்ட விளையாட்டு. ஊர், கிராமம், நிலவறை எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 15,000 இடங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கணினியே விதிகளின்படி உருவாக்கியது. அங்கே நடப்பது என்பது விசர்வேலை.

ஆனால் டாகர்ஃபோலின் பயணத் திரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊரைத் தெரிவுசெய்தவுடன் அது உங்களிடம் கேள்வி கேட்கும். கவனமாகப் போகிறீர்களா, கண்மூடித்தனமாகப் போகிறீர்களா? கால்நடையாகவா, குதிரையிலா, கப்பலிலா? இரவில் சத்திரத்தில் தங்குவீர்களா, வெட்டவெளியில் படுப்பீர்களா? ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை நாள், எவ்வளவு தங்கம் என்று கணக்கு மாறும். பல பணிகளுக்கு நாள்கெடு இருந்ததால் அந்தக் கணக்கு சும்மா அலங்காரமும் இல்லை. மலிவாகப் போனால் பிந்தும், பிந்தினால் பணி போச்சு. ஒரு அடிகூட நடக்கவில்லை, ஆனாலும் தூரம் என்று ஒன்று இருந்தது. ஊருக்குப் போக முதல் பஸ் காசு, ரயில் நேரம், இடையில் எங்கே சாப்பிடுவது என்று கணக்குப் பார்க்கிற எங்களுக்கு இது நல்லா விளங்கும்.

பிறகு 2002 இல் மொரோவிண்ட். இந்த முறை பெதெஸ்டா உலகத்தைச் சுருக்கியது. வார்டன்ஃபெல் என்ற ஒரேயொரு எரிமலைத் தீவு, பெரும்பாலும் கையால் அமைத்தது. நீங்கள் கைதியாகக் கப்பலில் வந்து செய்டா நீன் என்ற சேற்றுக் கிராமத்தில் இறங்குகிறீர்கள். ஊர் எல்லையில் வானளாவிய கால்களோடு ஒரு பெருந்தெள்ளு நிற்கும். சில்ட் ஸ்ட்ரைடர் என்று பெயர். அதன் முதுகு ஓட்டைக் குடைந்து இருக்கை செய்திருப்பார்கள். ஓட்டுநர் அதன் உடலுக்குள் தெரிகிற தசைகளைத் தொட்டுத்தான் அதை ஓட்டுவாராம். காசு குடுத்தால் பால்மோராவுக்குப் போகலாம்.

அதாவது, நடைக்குப் பெயர்போன மொரோவிண்டிலேயே ஃபாஸ்ட் ட்ரவல் இருக்கிறது, அதுவும் பல வகையில். தெள்ளு சில ஊர்களுக்கு மட்டும் போகும். கரையோர ஊர்களுக்குப் படகு. மந்திரவாதிகள் சங்கத்தின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மந்திரப் பயணம். ஒரு மந்திரம் பக்கத்தில் இருக்கிற கோயிலுக்கும், இன்னொன்று பக்கத்தில் இருக்கிற பேரரசின் வழிபாட்டிடத்துக்கும் கொண்டுபோகும். நின்ற இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பிறகு அங்கேயே திரும்புகிற மந்திரமும் உண்டு. எதுவுமே எல்லா இடத்துக்கும் போகாது. ஆகவே ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்றால் இந்த வழிகளைத் தொடுத்து யோசிக்க வேண்டும். தெள்ளில் இந்த ஊர்வரை, அங்கிருந்து படகு, மிச்சம் நடை. எங்கட தோழிக்கு அந்த நாடு மனப்பாடமானது நடந்ததால் மட்டும் இல்லை, பஸ் மாறிப் போனதாலும்தான்.

அந்த மிச்ச நடைக்கு மொரோவிண்ட் அம்புக்குறி தராது. ஆட்கள் வாயால் வழி சொல்வார்கள். ஆர்க்ங்தாண்ட் என்ற இடிபாட்டுக்குப் போகச் சொல்கிற முதல் பணியில் வழி இப்படி வரும்: தெற்கால் ஊரை விட்டு வெளியேறு, ஆற்றைக் கிழக்காகக் கடந்து போ, கைகாட்டியில் வடக்கே திரும்பி உடனே கிழக்கே மலையேறுகிற பாதையைப் பிடி, பழைய பாலம் ஒன்று வரும், அதைக் கடந்தால் மேட்டில் இடிபாடு. அங்கே போனாலும் கதவு திறவாது. பக்கத்துப் பாறையடியில் ஒரு குழாயில் கைபிடி இருக்கும், அதைத் திருக வேண்டும். எங்களுக்கு இது புதிதே இல்லை. "ஆலடியால திரும்பி, சங்கக்கடை தாண்டி, வைரவர் கோயிலடியில ஆரையும் கேளுங்கோ" என்று வழி சொல்லித்தான் எங்கட ஊரில் கலியாண வீட்டுக்கே சனம் வந்து சேரும். சில வேளை அந்த வழி பிழைக்கும். மொரோவிண்டிலும் அப்படித்தான், மேற்கு என்று சொல்ல வேண்டிய இடத்தில் கிழக்கு என்று சொல்லி எங்களை அலையவிட்ட ஆட்கள் அங்கேயும் இருக்கினம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட ஏலாது. செய்டா நீனை விட்டுக் கொஞ்சத் தூரம் நடந்தால் வானத்திலிருந்து கத்திக்கொண்டு ஒருவர் விழுந்து சாவார். மந்திரவாதி. பையைத் திறந்தால், மலைக்கு மேலால் பாய்கிற அளவுக்குக் கால்வலு தரும் மந்திரச் சுருள்கள் இருக்கும். பாய்வதற்கு ஏற்பாடு செய்த மனுசன் இறங்குவதற்கு ஒன்றும் செய்யவில்லை. ஃபாஸ்ட் ட்ரவலைப் பற்றி இதைவிட நல்ல பகிடியை ஒரு விளையாட்டிலும் நாங்கள் காணவில்லை.

2006 மார்ச்சில் ஒப்லிவியன் வந்தது. பெருநகரங்கள் தொடக்கத்திலிருந்தே வரைபடத்தில் திறந்திருந்தன. போகாத ஊருக்கும் ஒரு கிளிக்கில் போகலாம். காசு இல்லை. விளையாட்டுக்குள் சில மணித்தியாலம் ஓடும், அவ்வளவுதான். அதோடு சேர்ந்து இரண்டு மாற்றங்கள் நடந்தன. திசைகாட்டியில் பணிக்கான அம்புக்குறி வந்தது. எல்லாப் பாத்திரங்களின் பேச்சும் குரலில் பதிவுசெய்யப்பட்டது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கட எண்ணம். எழுத்தில் இருந்தபோது ஒரு கிழவர் பத்து வரியில் வழி சொல்லலாம். குரலுக்கு நடிகர் வேண்டும், காசு வேண்டும், வட்டில் இடம் வேண்டும். அம்புக்குறி இருக்கும்போது அந்தப் பத்து வரி யாருக்கு? 2011 இல் ஸ்கைரிம் கொஞ்சம் பின்வாங்கியது: முதலில் ஒரு தடவை போன இடத்துக்குத்தான் பிறகு தாவலாம், அல்லது நகர வாசலில் நிற்கிற குதிரை வண்டிக்குக் காசு குடுத்துப் போகலாம். ஆனால் வழி சொல்கிற வாய்கள் திரும்பி வரவில்லை. பல பணிகளில் இன்ன குகையில் இன்ன பொருள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதனால்தான் "விருப்பமில்லாட்டி பாவிக்காத, ஆர் உன்னை வற்புறுத்தினது?" என்ற வாதம் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. எங்களில் மூன்று பேர் ஸ்கைரிமை அம்புக்குறியை நிப்பாட்டிவிட்டு, தாவாமல் விளையாடிப் பார்த்தோம். இரண்டாம் நாளே நின்றுவிட்டது. நடக்கப் பஞ்சிப்பட்டு இல்லை. குகை எந்தப் பக்கம் என்று அந்த நாட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு பொத்தானைச் சேர்த்தால் அது பொத்தானோடு நிற்பதில்லை, அந்தப் பொத்தானை நம்பி மற்ற எல்லாம் திருத்தி எழுதப்படுகிறது.

வரலாறு படிக்கிற ஆக்களுக்கு இது தெரிந்த கதைதான். ஜெர்மானிய அறிஞர் வொல்ஃப்காங் ஷிவெல்புஷ் 1977 இல் ரயில் பயணத்தின் வரலாறு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ரயில் வந்தபோது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் பட்ட தடுமாற்றம் அதில் இருக்கிறது. புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் மட்டும் மிஞ்சின, இடைவெளி காணாமல் போனது என்று அப்போதும் புலம்பியிருக்கிறார்கள். ரயிலில் போகிற மனிதன் உயிருள்ள பார்சல் ஆகிவிட்டான் என்று ஜோன் ரஸ்கின் கோபப்பட்டார். ரஸ்கின் பணக்காரர், அவருக்கு நேரம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும்.

ஏனென்றால் எங்கட அறையிலும் அந்தப் பிரச்சினைதான். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் விளையாடியவர்களுக்கு, கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் ஒரு பணியை முடிக்க ஃபாஸ்ட் ட்ரவல் பெரிய உதவி. பகுதிநேர வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வருகிற நண்பனிடம் "காட்டை ரசி" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. மறுபக்கம், எங்கட குழுவில் இருக்கிற பெண்கள் சொன்னது வேற. இருட்டின பிறகு தனியாக, ஒரு காரணமும் இல்லாமல், யாரிடமும் சொல்லாமல் நடந்து போகக்கூடிய ஒரே இடம் தங்களுக்கு விளையாட்டுத்தான், அதை ஏன் கிளிக் பண்ணித் தாண்ட வேணும் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அறையில் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

வேற விளையாட்டுகள் வேற விலை வைத்துப் பார்த்தன. 2011 இல் வந்த டார்க் சோல்ஸில் விளையாட்டின் நடுப்பகுதி வரை தாவவே முடியாது. அந்தப் பாத்திரம் கையில் கிடைக்கும் நேரம், கோயிலிலிருந்து தொடக்க இடத்துக்கு நேரே இறங்குகிற லிஃப்டைக் கண்டுபிடித்துச் சந்தோசப்பட்ட கால்கள் உங்களுடையவை. இரண்டாம் பாகத்தில் தொடக்கத்திலிருந்தே தாவலாம், அந்த உலகத்தின் இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பது எங்களுக்கு அதனால்தான் என்று படுகிறது. 2019 இல் வந்த டெத் ஸ்ட்ராண்டிங்கில் நீங்கள் பொதி சுமக்கிற ஆள். அங்கேயும் தாவலாம், ஆனால் பொதியைக் கொண்டுபோக ஏலாது. வேலை என்றால் நடக்கத்தான் வேணும்.

2024 இல் ட்ராகன்ஸ் டொக்மா 2 வெளிவர முதல், அதன் இயக்குநர் ஹிதேஆகி இட்ஸுனோ ஒரு நேர்காணலில், பயணம் அலுப்பு என்பது உண்மையில்லை, விளையாட்டு அலுப்பாக இருந்தால்தான் பயணம் அலுக்கும் என்ற கருத்தைச் சொன்னார். அந்த விளையாட்டில் தாவுவதற்கு அருமையாகக் கிடைக்கும் கல் வேண்டும். மாட்டுவண்டி இருக்கிறது, அதையும் வழியில் பூதங்கள் வந்து உடைக்கும். எங்களுக்கு இட்ஸுனோவின் வாதம் பிடித்திருந்தது. ஆனால் மார்ச்சில் விளையாட்டு வெளிவந்த அன்றே, தாவி வந்து இறங்கும் இடத்தைக் குறிக்கிற ஒரு படிகத்தை நிறுவனம் உண்மையான காசுக்குத் தனியாக விற்றது. ஸ்டீம் தளத்தில் சனம் திட்டித் தீர்த்தது. தூரத்துக்கு விலை இருக்க வேணும் என்று ஒருவர் சொல்ல, அந்த விலையை டொலரில் எழுதி ஒட்டிவிட்டார்கள். டாகர்ஃபோலில் தங்கமும் நாளும் குடுத்தோம். இப்போது வங்கி அட்டை.

அந்தத் தாள் இன்னும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி. ஸ்கைரிமை முடித்த நண்பன் இப்போது மொரோவிண்ட் தொடங்கியிருக்கிறான். நேற்று இரவு ஒரு மணிக்கு "கைகாட்டியைத் தாண்டீட்டன், பாலத்தைக் காணேல்ல" என்று குழுவில் மெசேஜ் போட்டிருந்தான். தோழி உடனே பார்த்துவிட்டாள், இன்னும் பதில் போடவில்லை.