ஓரக் குறிப்பு யாருடையது?

விடுமுறைக்கு வந்த பேரன் மடிக்கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். "தாத்தா, இது உங்க பிரெஞ்சுக்காரங்க செஞ்ச மொழி" என்றான். ஓகாமல் என்று பெயர். கணினிக்கு ஆணை எழுதுகிற மொழி. ஆணைகள் எனக்குப் புரியவில்லை. நடுநடுவே மனிதர் படிப்பதற்கென்று எழுதியிருந்த குறிப்புகள் கொஞ்சம் புரிந்தன. "இதையெல்லாம் கணினி என்ன பண்ணும்?" என்று கேட்டேன். "முன்னாடியெல்லாம் தூக்கிப் போட்டுடும்" என்றான். முன்னாடி என்றால் எதுவரைக்கும் என்று விடாமல் துருவியதில் கிடைத்ததுதான் இந்தக் கதை. எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

வெர்சாய்க்கு அருகே ரோக்கான்கூர் என்று ஓர் ஊர். 1967-ல் பிரெஞ்சு அரசு கணினி ஆராய்ச்சிக்காக அங்கே ஏற்படுத்திய நிறுவனம்தான் இன்றைய இன்ரியா. 1987-ல் காமல் மொழி அங்கிருந்து வந்தது. 1990-ஐ ஒட்டி ஸவியே லெருவாவும் (ஆங்கிலம் படித்தவர்கள் சேவியர் லெராய் என்பார்கள், போகட்டும்) தமியான் தொலிழேயும் சிறிய கணினிகளிலும் ஓடும்படி அதைப் புதிதாக எழுதினார்கள். 1996-ல் ஆப்ஜெக்டிவ் காமல் ஆயிற்று. 2011-லிருந்து ஓகாமல்.

மனிதர் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். அதன் வாசலிலேயே சொற்களைப் பிரித்தெடுக்கும் பகுதி ஒன்று உண்டு. பிறை அடைப்பும் நட்சத்திரமும் போட்டு எழுதிய குறிப்பு வந்தால், முறத்தில் உமியைப் புடைப்பது போல அது ஒதுக்கிவிடும். நிரல் ஓடுவதற்கு அது தேவையில்லையே.

ஆனால் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தக் கையேடு வேண்டும். இரண்டு நட்சத்திரம் போட்ட குறிப்புகளைத் திரட்டித் தானாகவே கையேடு தயாரிக்கும் வழக்கத்தை 1990-களின் நடுவில் ஜாவா மொழியோடு வந்த ஜாவாடாக் பரப்பியது. ஓகாமலுக்கு அந்த வேலையை இன்ரியாவின் மக்ஸான்ஸ் கெதோன் செய்தார். ஓகாமல்டாக் என்ற அந்தக் கருவி 2002-ல் கம்பைலருடனேயே சேர்த்து வழங்கப்பட்டது.

அதன் சங்கடம் இதுதான். கம்பைலர் கொடுக்கும் விவரத்தில் குறிப்புகள் இராது. ஆகவே ஓகாமல்டாக் மூலக் கோப்பை இரண்டாம் தடவை திறந்து, எந்த வரியில் எந்தப் பொருள் இருக்கிறது என்று பார்த்து, அதை ஒட்டி மேலேயோ கீழேயோ இருக்கும் குறிப்பை அதற்குச் சேர்க்கும். நடுவில் வெற்று வரி இருந்தால் சேர்க்காது. சரி, இரண்டு பொருளுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல் ஒரு குறிப்பு இருந்தால்? மேலே உள்ளதற்கா, கீழே உள்ளதற்கா?

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேடுகளிலிருந்து பிரதி எழுதும் மேசையில் இருந்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு பிறப்பு. பின்னாளில் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமானால் ஓரத்தில் சிறிதாக எழுதுவார்கள். மாந்சியோன் மார்ழினால் என்போம். இன்னாரை இந்தத் தேதியில் மணந்தார் என்று இருக்கும். மணந்தவர் பெயர் இராது. பக்கத்தில் உள்ள பதிவுதான் பெயர். ஒரு நாள் ஒரு குறிப்பு இரண்டு பதிவுக்கும் நடுவே சரிந்து எழுதப்பட்டிருந்தது. மேலேயிருந்த பிள்ளையின் பதிவுக்குத்தான் பிரதி கேட்டிருந்தார்கள். குறிப்பு கீழே உள்ளவனுடையது என்று நானே முடிவுகட்டி, அதை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

மேலே இருந்தவர் ஒரு சொல்தா. பிரதி கேட்டது அவர் விதவை, பென்ஷனுக்காக. என் பிரதிப்படி அவர் கல்யாணமே ஆகாதவர். அந்த அம்மாள் பல மாதம் கழித்துத் திரும்பி வந்து, "தம்பி, அப்ப நான் யாரு?" என்று கேட்டார். திருத்தப் பிரதி கொடுத்தோம். பணம் வந்து சேர மேலும் ஓராண்டு ஆயிற்று.

சரி, ரோக்கான்கூருக்கு வருவோம். 2012-ல் வந்த ஓகாமல் 4.00, தான் அலசிய விவரம் முழுவதையும், கேட்டால், தனிக் கோப்பாக எழுதிவைக்கத் தொடங்கியது. இரண்டாவது அடியை வைத்தவர் லியோ வைட், கேம்பிரிட்ஜில் இருந்தவர். குறிப்பை வாசலில் தள்ளிவிடாமல், படிக்கும்போதே அது எந்தப் பொருளுக்கு உரியது என்று தீர்த்து, அதனோடு முடிச்சுப் போடும்படி கம்பைலரையே மாற்றினார். 2016-ல் வந்த 4.03-இன் கையேட்டில் இது முறைப்படி இடம்பெற்றது. அதன்பின் குறிப்பும் பொருளும் ஒன்றாகவே அந்தக் கோப்புக்குள் போய்விடும். மூலத்தைத் திரும்பத் திறந்து ஊகிக்கும் வேலை இல்லை. ஓடாக் என்ற புதிய கருவி அந்தக் கோப்புகளைத்தான் படிக்கிறது. ஒரு தொகுப்பின் குறிப்பு இன்னொரு தொகுப்பைச் சுட்டினால் அதையும் தேடிப் பிடித்து இணைக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. குறிப்பு யாருடையது என்று தெளிவில்லாவிட்டாலோ எதனோடும் சேராமல் நின்றாலோ, கம்பைலர் எச்சரிக்கை கொடுக்கும். 50-ஆம் எண் எச்சரிக்கை. என் மேசைக்கு எதிரில் அப்படி ஒரு தலைமை எழுத்தர் உட்கார்ந்திருந்தால் அந்த அம்மாளுக்கு அலைச்சல் இல்லை. வேடிக்கை என்னவென்றால், நாமாகச் சொன்னாலொழிய அந்த எச்சரிக்கை வராதாம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பேரனை அதை முடுக்கிவிடச் சொன்னேன். அவன் நிரலில் பதினோரு இடத்தில் கேள்வி வந்தது. ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினான். ஒன்பது இடத்தில் குறிப்புக்கும் அடுத்த பொருளுக்கும் நடுவே வெற்று வரி போட்டான். மீதி இரண்டு எதைப் பற்றியவை என்று எழுதிய அவனுக்கே நினைவில்லை.