கொத்தலனோல்: ஒரு மரக்கோப்பையின் பயணம்

வினாயகபுரத்தில் சீனி வருத்தக்காரர் இருக்கும் சில வீடுகளில் குசினி மூலையில் ஒரு மரக்கோப்பை இருக்கும். இரவு படுக்கப் போகுமுன் அதில் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார்கள். விடியும்போது தண்ணீரின் நிறம் மாறியிருக்கும். அதைக் குடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. கடைக்காரர் அதை விற்பது சிங்களப் பெயரில்: கொத்தல ஹிம்புட்டு. சித்த வைத்தியத்தில் அதற்குக் கடலழிஞ்சில் என்று பெயர்.

பெயரில் கடல் இருந்தாலும் எங்கள் கிழக்குக் கடற்கரையில் அது வளர்வதில்லை. இலங்கையின் தென்மேற்கு ஈரக் காடுகளில் பெருமரங்களைப் பற்றி ஏறும் முரட்டுக் கொடி அது. வேரும் தண்டும் முற்றப் பல ஆண்டுகள் எடுக்கும். அந்தத் தண்டைக் கடைந்துதான் கோப்பை செய்கிறார்கள். கொழும்பில் தொடங்கும் ஏ4 வீதி இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் எனத் தீவைச் சுற்றிக்கொண்டு எங்கள் கரைக்கு வருகிறது. ஈரக்காட்டின் கோப்பைக்கும் அதுவே வழி.

இந்தக் கோப்பைத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஆய்வுகூடத்தில் தேடிப் பார்த்தவர்கள் யப்பானியர்கள். கியோத்தோ மருந்தியல் பல்கலைக்கழகத்தின் மசாயுகி யொஷிகாவா குழு, 1997இல் இந்தக் கொடியிலிருந்து ஒரு மூலக்கூறைப் பிரித்தெடுத்துச் சாலசினோல் என்று பெயரிட்டது. அடுத்த ஆண்டு அதன் உடன்பிறப்பு ஒன்று அகப்பட்டது. அதற்குக் கொத்தலனோல் என்று பெயர் வைத்தார்கள். கிராமத்தார் வாயிலிருந்த சொல் அப்படித்தான் இரசாயனவியல் நூல்களுக்குள் போனது.

இந்த மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்பதைச் சோற்றிலிருந்து தொடங்கினால் விளங்கும். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களின் நெல் எங்கள் தட்டுக்குச் சோறாக வருகிறது. சோறு பெரும்பாலும் மாப்பொருள். அது செரிமானத்தில் சிறு சங்கிலிகளாக உடைந்த பின், சிறுகுடற் சுவரிலுள்ள நொதியங்கள் கடைசி வெட்டை வெட்டிக் குளுக்கோசாக்குகின்றன. அவற்றுள் முக்கியமான ஒன்று மோல்டேஸ்-குளுக்கோஅமைலேஸ். அந்தக் கத்தி மெதுவாக வெட்டினால், சாப்பாட்டுக்குப் பின் குருதியில் சீனி மெதுவாகவே ஏறும். மருந்தகத்தில் கிடைக்கும் அகார்போஸ் மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்த நொதியத்தில் ஒரு குழி உண்டு. சீனிச் சங்கிலியின் நுனி அதற்குள் போய் அமரும். வெட்டு விழும் கணத்தில் அந்தச் சீனியில் நேர் ஏற்றம் எட்டிப் பார்க்கும். குழியின் சுவரிலுள்ள எதிர் ஏற்ற அஸ்பார்ட்டிக் அமிலங்கள் அதை ஏந்திக்கொள்ளும். சாலசினோலில் ஐந்தணு வளையம் ஒன்று இருக்கிறது. அதில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் கந்தகம். அந்தக் கந்தகம் எப்போதும் நேர் ஏற்றத்தோடு நிற்கிறது. வெட்டுப்படும் சீனி போல வேடமிட்டு இது குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உண்மையான விருந்தாளி சீனிதான், ஆனால் அது வரும்போது கதிரை காலியில்லை.

இந்தக் கதையின் அடுத்த கட்டம் கனடாவில். இலங்கையில் பிறந்த மாரியோ பின்டோ, சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் இந்த மூலக்கூறுகளைக் கொடியின் உதவியில்லாமலே செய்யத் தொடங்கினார். 2009இல் ஜெயகாந்தன், மோகன், பின்டோ மூவரும் கொத்தலனோலை முழுதாகச் செய்து, அதன் உருவம் இதுதான் என்று நிறுவினார்கள். இதற்கிடையில், 2008இல் டேவிட் ரோஸ் குழு மனித மோல்டேஸ்-குளுக்கோஅமைலேஸ் நொதியத்தின் ஒரு பாதியைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிர்கொண்டு அணு அணுவாக வரைபடமெடுத்திருந்தது. 2010இல் இரு குழுவும் சேர்ந்து, கொத்தலனோல் அந்தக் குழியில் உட்கார்ந்திருக்கும் கோலத்தை வெளியிட்டன. அதில் ஒரு செய்தி முக்கியமானது. கொத்தலனோலின் சல்பேட்டுத் துண்டை நீக்கிவிட்டால் பிடி இன்னும் இறுகுகிறது. நொதியத்தின் அந்தப் பாதியில், அப்போது மருத்துவத்தில் இருந்த மருந்துகளைவிட ஏறக்குறைய 2000 மடங்கு வலுவாக.

கணினியின் வேலை இங்கேதான் வருகிறது. குழியின் ஒவ்வோர் அணுவும் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், புதிய மூலக்கூறைச் செய்வதற்கு முன்பே திரையில் பொருத்திப் பார்க்கலாம். மென்பொருள் அதைத் திருப்பும், வளைக்கும், பல்லாயிரம் கோலங்களில் குழிக்குள் இறக்கும். ஏற்றங்கள் இழுப்பது எவ்வளவு, ஐதரசன் பிணைப்பு எத்தனை, அணுக்கள் எங்கே முட்டுகின்றன என்று ஒவ்வொரு கோலத்துக்கும் புள்ளி போடும். யப்பானின் கின்டாய் பல்கலைக்கழகத்தில் தனபே, முராவோகா குழு இப்படிப் பார்த்துவிட்டு, சாலசினோலின் பக்கச் சங்கிலியில் பென்சைல் கூட்டமொன்றை ஒட்டினால் அது குழியருகே உள்ள எண்ணெய்ப் பசை இடத்தில் படியும் என்று கணித்தது. 2012இல் செய்து பார்த்தபோது சாலசினோலைவிட வலுவானவை கிடைத்தன.

புள்ளியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கணினி சொல்வது மதிப்பீடு. உண்மையான குழி தண்ணீருக்குள் அசைகிறது. திரையில் முதலிடம் பிடித்தது சோதனைக் குழாயில் தோற்பது அன்றாடம். கணினியால் ஆகும் நன்மை, ஆயிரம் மூலக்கூறு செய்யவேண்டிய இடத்தில் பத்தைச் செய்தால் போதும் என்பது. கொடிக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. ஆய்வுகூடத்தில் செய்ய முடிந்த மூலக்கூறுக்காக எவரும் காட்டில் வேர் தோண்டத் தேவையில்லை.

கோப்பை சும்மா நம்பிக்கை என்றும் தள்ளிவிட முடியாது. 2005இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில், இக்கொடி சேர்ந்த தேயிலையை நீரிழிவு நோயாளர் 51 பேருக்கு மூன்று மாதம் கொடுத்து, வெறும் தேயிலையோடு ஒப்பிட்டார்கள். மூலிகை குடித்த காலத்தில் நீண்டகாலச் சீனி நிலையைக் காட்டும் அவர்களின் எச்பிஏ1சி அளவு குறைந்திருந்தது. ஆனால் தேயிலைப் பையில் இருக்கும் அளவு தெரியும். பழகிய கோப்பையிலிருந்து இன்று எவ்வளவு ஊறியது என்பது எவருக்கும் தெரியாது. அதனால் மாத்திரை எடுப்பவர்கள் கோப்பைத் தண்ணீர் குடிப்பதை டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: அகார்போஸைச் சாப்பாட்டின் முதற் கவளத்தோடு எடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அது வெட்டைத் தடுப்பது குடலில் சோறு இருக்கும்போதுதான். கோப்பையும் அதே வழியில் வேலை செய்வதானால், வெறும் வயிற்றில் குடித்துவிட்டு மத்தியானம் சோறு உண்பவருக்கு அது எவ்வளவு உதவும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

காட்டிலிருந்து கியோத்தோ, அங்கிருந்து கனடா, பிறகு கின்டாய் என்று இத்தனை தூரம் போன பொருள், மருந்துச்சீட்டில் எழுதும் மாத்திரையாக இன்னும் எங்கள் ஊருக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் அதன் வரைபடம் திரும்பி வந்துவிட்டது. 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் அந்தக் குழியும் அதற்குள் இருக்கும் கொத்தலனோலும் எவரும் காசில்லாமல் எடுக்கக்கூடிய கோப்புகளாக இருக்கின்றன. பொருத்திப் பார்க்கும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளே, குசினியில் உம்மாவோ அம்மாவோ மூடி வைத்த கோப்பையின் மிச்சக் கேள்வி உங்கள் மடிக்கணினிக்கு உரியது.