எலும்பைத் தின்ற திராவகம்

கீரப்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மூட்டை 'சூப்பர்' உரம் மூன்று நாள் கேட்பாரற்றுக் கிடந்தது. அப்பா சிதம்பரத்திலிருந்து வாங்கி வந்தது. வயலில் இறக்கத் தாத்தா சம்மதிக்கவில்லை.

"மாட்டு எலும்பாமே? எனக்கு உழுத மாட்டை நானே வயலில் தூவுவதா?"

"எலும்பு இல்லேப்பா, கல்லைப் பொடித்துத் திராவகத்தில் போட்டுச் செய்கிறார்கள்."

"திராவகமா? அப்போ இன்னும் மோசம்!"

தாத்தா சொன்னதில் பாதி உண்மை என்று பிறகு கல்லூரியில் தெரிந்துகொண்டேன். ரசாயன ஆசிரியர் ஒரு கோப்பைச் சர்க்கரைமேல் அடர் கந்தகத் திராவகத்தை ஊற்றினார். வெள்ளைச் சர்க்கரை மஞ்சளாகி, பழுப்பாகி, கரியாகிப் புகைந்துகொண்டு தூணாக எழும்பியது. திராவகத்துக்கு அத்தனை தாகம். சர்க்கரையில் அடங்கிய ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் தண்ணீராக உறிஞ்சிக்கொண்டு கரியை மட்டும் விட்டுவிடுகிறது. அதே தாகத்தால்தான் திராவகத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக விட வேண்டும். தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றக் கூடாது. தண்ணீரைப்போல் 1.84 மடங்கு கனமான அதன்மேல் தண்ணீர் மிதந்து, அந்தக் கணமே கொதித்துத் தெறிக்கும். அவசரக்கார நண்பன் ஒருவன் மாற்றிச் செய்தான். அவன் புறங்கையில் இருந்த தழும்பை அவன் கல்யாணப் பந்தலிலும் பார்த்தேன்.

இந்தப் பொல்லாத திரவம் ஒரு காலத்தில் மருந்துக்கடைச் சரக்கு. 1736-ல் இங்கிலாந்தில் ஜோஷுவா வார்ட் என்பவர் கந்தகத்தையும் வெடியுப்பையும் எரித்து, பெரிய கண்ணாடிக் குடுவைகளில் இதைத் தயாரித்தார். வெடியுப்புக்கு அன்று நம் பீகார்தான் களஞ்சியம்! 1746-ல் ஜான் ரோபக் பர்மிங்காமில் கண்ணாடியை விட்டு ஈய அறைகளைக் கட்டினார். இரும்பை அரிக்கும் இந்தத் திராவகம் ஈயத்திடம் அடங்கிப்போகும். விலை சரிந்தது. ஆனால் ஈய அறைத் திராவகம் நீர்த்தது. அடர்த்தியானதற்கு வழி காட்டியவர் பிரிஸ்டல் நகரத்துக் காடி வியாபாரி பெரிக்ரின் பிலிப்ஸ். 1831-ல் பிளாட்டினத்தின் துணையோடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காடிக்காரருக்குப் புளிப்பில் ஆசை இருந்ததில் வியப்பென்ன?

எலும்புக் கதைக்கு வருகிறேன். எலும்பில் பாஸ்பரஸ் உண்டு. ஆனால் மழையில் கரையாது, பயிரின் வேருக்கு எட்டாது. ஜான் லாஸ் என்ற ஆங்கிலேயப் பண்ணையார் எலும்பைத் திராவகத்தில் ஊறவைத்துக் கரையும் உப்பாக்கினார். 1842-ல் காப்புரிமை பெற்றார். பிறகு எலும்பின் இடத்தைப் பாறைக்கல் பிடித்துக்கொண்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டு மாட்டெலும்பு கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. நம் வயல்களுக்கு வேண்டிய சத்து அப்படியே கடல் கடந்தது. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை நடத்திய பாரி கம்பெனி 1906-ல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான் அந்த உரம் நம் ஊரிலேயே தயாராகத் தொடங்கியது. திராவகத்துக்கு வேண்டிய கந்தகம் அன்று அயல்நாட்டிலிருந்தே வந்தாக வேண்டியிருந்தது. நம் மண்ணில் அது போதிய அளவில் கிடையாது.

நான்காம் நாள் அப்பா ஒரே ஒரு துண்டு வயலில் மட்டும் அதைப் போட்டார். தாத்தா பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அறுவடையன்று அந்தத் துண்டின் கட்டுகளைத் தனியே அடிக்கச் சொல்லி, மூட்டைகளைத் தாமே எண்ணினார். இரண்டு மூட்டை கூடுதல். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த நெல்லை மட்டும் வீட்டுக் குதிரில் போடாமல், அன்றே வண்டியேற்றி விற்றுவிடச் சொன்னார்.