லூசி வில்ஸும் கோஷா ஆஸ்பத்திரியும்

கருவுற்ற பெண் சோர்ந்து படுத்தாலும் தலைசுற்றி விழுந்தாலும் 'மசக்கை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். மேனி வெளுப்பைப் பசலை என்று பாடிய மரபு நம்முடையது. அந்த வெளுப்புக்குப் பிரிவைத் தவிர வேறு காரணம் தேடும் அவசியம் நம் புலவர்களுக்கு நேரவில்லை. சித்த மருத்துவர்கள் அதையே பாண்டு என்று அழைத்து மருந்து தேடினார்கள்.

1920களின் பம்பாயில் இந்த வெளுப்பு உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற நாட்களில் கடும் சோகைக்கு ஆளானார்கள். இரும்புச் சத்துக் குறைவில் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். இவர்களுக்கோ அவை அளவு மீறிப் பெருத்திருந்தன. ஆகவே, இரும்பு கொடுத்துப் பயனில்லை. இதை ஆராய 1928இல் வந்தவர் லூசி வில்ஸ். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து, பிறகு லண்டனில் மருத்துவரான ஆங்கிலேயப் பெண்மணி.

அவர் நுண்ணோக்கியோடு நின்றுவிடாமல் அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்டார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. காய், கனி, பால், புலால் எதுவும் போதிய அளவில் அவர்களுக்குக் கிட்டவில்லை. வசதியுள்ள வீட்டுப் பெண்களிடம் இந்நோய் அரிதாகவே இருந்தது. 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தங்கியும் ஆராய்ந்தார். பம்பாயில், அதே குறை உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவையும் சோகையுற்றன. ஈரல் அவற்றைக் குணமாக்கியது. மார்மைட்டும் குணமாக்கியது! மதுவடிப்பில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து காய்ச்சி எடுக்கும் கருநிறக் குழம்பு அது. ரொட்டியில் தடவிக்கொள்வார்கள், விலையும் மலிவு.

1931இன் தொடக்கத்தில் அவர் சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். இன்று அது அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஊர் வாய் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறது. ஈஸ்ட் சாறு பெண்களையும் குணப்படுத்துகிறது என்ற அவரது கட்டுரை அவ்வாண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. இச்சிகிச்சையில் சில நாட்களிலேயே இளம் சிவப்பணுக்கள் இரத்தத்தில் திரளத் தொடங்கும், பசி திரும்பும், எழுந்து நின்றால் இருள்வது மெல்ல நிற்கும்.

அமெரிக்காவில் மைனாட்டும் மர்ஃபியும் 1926இல் ஈரல் உணவால் வேறொரு கொடிய சோகையைத் தீர்த்திருந்தார்கள். அந்தச் சோகையைத் தீர்த்த சுத்திகரித்த ஈரல் சாறு வில்ஸின் நோயாளிகளிடம் பலிக்கவில்லை. எனவே இது வேறு பொருள். 'வில்ஸ் காரணி' என்ற பெயர் அதற்குச் சில காலம் வழங்கியது. 1941இல் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தவர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்றார்கள். பசலையைத் தீர்க்கப் பசலைக்கீரை! தமிழாசிரியனுக்கு இந்தச் சிலேடையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் வில்ஸின் பெயர் அதோடு உதிர்ந்துபோனது.

அதைச் செயற்கையாக உருவாக்கியது லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்ரகத சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. காலம் 1945ஐ ஒட்டியது. அவரும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். சங்கிரகணி நோய்க்கு இரு சகோதரர்களைப் பறிகொடுத்து, தானும் அதில் விழுந்து பிழைத்தவர். வெப்பநாடுகளின் சங்கிரகணியில் வரும் சோகையையும் இந்த அமிலம் தீர்த்தது.

மைனாட்டின் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தபோது மட்டும் ஒரு விபரீதம் நேர்ந்தது. இரத்தம் தேறியது, நரம்புகள் தொடர்ந்து சிதைந்தன. அவர்களுக்கு வேண்டியிருந்தது பி12. அது 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. சோர்வும் தலைசுற்றலும் கண்டவுடன் தானாக மாத்திரை வாங்கி விழுங்காமல், எந்தச் சத்து குறைந்தது என்று மருத்துவர்கள் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

சுப்பாராவ் அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார். வில்ஸ் 1964 வரை இருந்தார். நோபல் பரிசு இருவருக்கும் இல்லை. மைனாட்டுக்கும் மர்ஃபிக்கும் 1934இலேயே கிடைத்திருந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் இன்று கருவுற்ற பெண்களுக்குத் தரப்படும் சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அந்த வில்ஸ் காரணிதான்.