இருப்புப்பாதையின் சொற்கள்

ஜப்பானிய மொழியைப் புதிதாகப் பயிலத் தொடங்குவோர் தொடக்கப் பாடங்களிலேயே சந்திக்கும் சொற்களில் இரயில் பயணச் சொற்களும் உண்டு. நிலையம் என்றால் எகி. மின்சார இரயில் டென்ஷா. விரைவு வண்டி கியூகோ. அதனினும் விரைவானது டொக்கியூ. எல்லாவற்றிற்கும் மேலே ஷின்கான்சென். பத்துப் பன்னிரண்டு சொற்களை மனனம் செய்துவிட்டால் டோக்கியோவில் வழிதவறாமல் சென்று வரலாம். பயணிக்கு அது போதும். ஆனால் அச்சொற்கள் எழுதப்படும் சீன வரிவடிவங்களைச் சற்று நின்று நோக்கினால், ஒவ்வொன்றிற்குள்ளும் ஒரு வரலாறு ஒளிந்திருப்பது புலப்படும்.

'எகி' என்னும் எழுத்தின் இடப்பாதி குதிரையைக் குறிப்பது. கி.பி. 701ஆம் ஆண்டின் தைஹோ சட்டத் தொகுப்பு அரச நெடுஞ்சாலைகளில் ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு ஒன்றாக அஞ்சல் குதிரை நிலையங்களை வகுத்தது. அரசு வழங்கிய மணியை ஏந்திய அதிகாரிகளே அங்கே குதிரை மாற்றிக்கொள்ள இயலும். 1872இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே, ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தூரத்திற்கு ஜப்பானின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, மக்கள் ஆங்கிலச் சொல்லையே திரித்து 'ஸ்தென்ஷோ' என்றனர். பழைய குதிரை நிலையத்தின் பெயர் பின்னரே இரயிலுக்கு நிலைபெற்றது. குதிரைகள் போய்விட்டன, எழுத்தில் மட்டும் ஒன்று இன்னும் கட்டப்பட்டிருக்கிறது.

வண்டிக்கு ஜப்பானியர் முதலில் இட்ட பெயர் 'கிஷா', அதாவது நீராவி வண்டி. சீனர்கள் அதை நெருப்பு வண்டி என்றனர். நாம் புகைவண்டி என்றோம். ஒரே இயந்திரத்தில் ஒருவர் ஆவியையும், ஒருவர் நெருப்பையும், ஒருவர் புகையையும் கண்டனர். 'டெட்சுடோ' என்னும் சொல்லோ நம் இருப்புப்பாதைக்கு எழுத்துக்கு எழுத்து நிகரானது: இரும்பு, வழி.

விரைவைக் குறிக்கும் சொற்களின் கதை வேறு. 1912இல் ஷிம்பாஷியிலிருந்து மேற்குக் கோடியான ஷிமோனொசெகிக்கு முதல் 'தொகுபெட்சு கியூகோ', அதாவது சிறப்பு விரைவு வண்டி, புறப்பட்டது. அதன் சுருக்கமே டொக்கியூ. அவ்வண்டியில் மூன்றாம் வகுப்பு கிடையாது. அது ஏன் ஷிமோனொசெகிக்குச் சென்றது என்பதே கவனிக்க வேண்டிய கேள்வி. அங்கிருந்துதான் கொரியாவின் பூசான் துறைமுகத்திற்குக் கப்பல் சென்றது. கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது 1910இல். பூசானுக்கு அப்பால் இருப்புப்பாதை மஞ்சூரியாவுக்கும், சைபீரியா வழியே ஐரோப்பாவுக்கும் நீண்டது. சிறப்பு விரைவு என்பது பேரரசின் அவசரத்திற்கு இடப்பட்ட பெயராகவும் இருந்தது.

1930களில் பூசானிலிருந்து மஞ்சூரியாவை நோக்கி ஓடிய இரண்டு விரைவு வண்டிகளின் பெயர்கள் ஹிகாரி, நொசொமி. ஒளி, நம்பிக்கை என்று பொருள். இன்று ஷின்கான்சென்னில் பயணம் செய்தோர் இப்பெயர்களை நன்கறிவர். 'ஷின்கான்சென்' என்றால் புதிய தலைமைத் தடம் என்றே பொருள். அச்சொல்லும் போருக்கு முற்பட்டது. டோக்கியோவிலிருந்து ஷிமோனொசெகிக்கு அகலப்பாதையில் அதிவேக வண்டி விடும் திட்டம் 1940இல் ஒப்புதல் பெற்றது. மக்கள் அதை 'டங்கன் ரெஷ்ஷா' என்றனர்: துப்பாக்கித் தோட்டா வண்டி. கடலடிச் சுரங்கம் வழியே கொரியாவை எட்டும் கனவும் அதனோடு பேசப்பட்டது. நிலம் வாங்கப்பட்டது, சுரங்கங்கள் தோண்டத் தொடங்கின. போர் முற்றியதும் வேலை நின்றது.

அந்த நிலத்திலும் சுரங்கங்களிலும் ஒரு பகுதியைப் பயன்படுத்தித்தான் 1964 அக்டோபர் 1 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஒன்பது நாள் முன்னதாக, இன்றைய ஷின்கான்சென் தொடங்கியது. அதன் முதன்மை வண்டிக்கு மக்களிடம் பெயர் கேட்டுச் சூட்டப்பட்டது ஹிகாரி. 1992இல் நொசொமி வந்தது. தோட்டா என்னும் சொல்லை ஜப்பானியர் பின்னுக்குத் தள்ளிவிட்டனர். ஆங்கில வழியாக உலகமோ அதைப் 'புல்லட் ரயில்' என்று இன்றும் சொல்கிறது. அமைதிக்காலத்தின் அடையாளமாக உயர்ந்த ஒரு வண்டி, பேரரசுக் காலத்தின் பெயர்களைத் தாங்கி ஓடுகிறது. இதை வஞ்சகம் என்று நான் கருதவில்லை. ஒளியும் நம்பிக்கையும் எக்காலத்திற்கும் உரிய சொற்கள். ஆயினும் பொருளை மட்டும் கற்பவனுக்கு அவற்றின் முன்பிறவி தெரியாமலே போய்விடுகிறது.

தமிழர்க்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 'டெட்சுடோ' என்னும் சொல் நமக்குப் பாடநூலில் அறிமுகமாவதற்கு வெகுமுன்பே நம்மவர் சிலரின் வாழ்வில் வந்துவிட்டது. 1942-43இல் ஜப்பானியப் படை சயாமையும் பர்மாவையும் இணைத்து அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு 'தைமென் டெட்சுடோ' என்று பெயர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் காலராவாலும் அடியாலும் காட்டிலேயே மடிந்தவர் ஏராளம். தமிழில் அதன் பெயர் மரண ரயில். அவர்களைக் குறித்த ஜப்பானியச் சொல் 'ரோமுஷா', உழைப்பாளர் என்று பொருள். பயணிகளுக்கான சொற்பட்டியல் எதிலும் அது இடம்பெறுவதில்லை.

அப்பாதையில் ஓடிய நீராவி இயந்திரம் ஒன்று டோக்கியோவில், யாசுகுனி ஆலய வளாகத்தின் யூஷூகான் அருங்காட்சியகத்தில், துடைத்து மெருகிட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. அங்கே செல்லும் தமிழர் அதன்முன் நிற்கும்போது, கிஷா, டெட்சுடோ என்ற இரு சொற்களோடு மூன்றாவதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.